மோட்டார் வண்டியின் எண்ணும் மனிதரின் அந்தரங்கமும்

பெங்களூர் நகரில் பதிவு செய்யப்பட்டுள்ள மோட்டார் வண்டிகளின் தொகை ஒரு கோடிக்கு மேற்பட்டது. இவ்வண்டி ஒவ்வொன்றும் தன் பதிவு எண்ணை முன்னும் பின்னும் தாங்கியே வீதிக்கு வருகிறது. அந்த எண்ணைப் பார்க்க எவருக்கும் தடையில்லை. பார்ப்பதற்காகவே அது பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அதே வண்டியைப் புகைப்படம் எடுத்து இணையத்தில் வெளியிடுவோரில் பலர் எண்ணை மட்டும் விரலாலோ துணியாலோ கறுப்புப் பட்டையாலோ மறைத்துவிடுகின்றனர். பழைய காரை விற்க விரும்புவோரின் விளம்பரங்களில் இதை நாள்தோறும் காணலாம்.

வீதியில் ஆயிரம் பேர் காணும் எண்ணைப் படத்தில் மறைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. மறைக்க வேண்டியது அவசியம் என்பார் சிலர். வீண் அச்சம் என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றுகளில் எது எந்த அளவுக்கு உண்மை என்பதை அறிய, மூன்று பொருள்களைத் தனித்தனியே ஆராய வேண்டும். முதலாவது, வண்டியிலுள்ள தகடு. இரண்டாவது, அரசாங்கத்திடமுள்ள பதிவேடு. மூன்றாவது, இணையத்தில் நிற்கும் படம்.

எண் எதைச் சொல்கிறது?

நம்பர் பிளேட் என்று வழங்கும் பதிவு எண் தகட்டில் பொதுவாக நான்கு பகுதிகள் உண்டு. கர்நாடக வண்டியின் எண் 'கே.ஏ.' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். அடுத்துவரும் இரண்டு இலக்கங்கள் வண்டியைப் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிக்கும். பெங்களூரில் 01 என்பது கோரமங்கலா; 02 ராஜாஜி நகர்; 03 இந்திரா நகர்; 04 யஷ்வந்தபுரம்; 05 ஜெயநகர்; 53 கிருஷ்ணராஜபுரம். பின்னர் எழுத்து வரிசையும் அதையடுத்து நான்கு இலக்கங்கள் கொண்ட எண்ணும் வரும். எழுத்து வரிசையில் 'ஜி' இருந்தால் அரசாங்க வண்டி என்றும், 'எஃப்' இருந்தால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் என்றும் கர்நாடகத்தில் அறியலாம். தகட்டின் நிறமும் செய்தி கூறும். வெள்ளையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோகத்துக்கான வண்டியையும், மஞ்சளில் கறுப்பு எழுத்து வாடகை வண்டியையும், பச்சைத் தகடு மின்சார வண்டியையும் காட்டும்.

ஆகவே, தகட்டை மட்டும் கண்டவர் வண்டி எந்த மாநிலத்தது, நகரின் எந்தப் பகுதியில் பதிவானது, ஏறக்குறைய எவ்வளவு பழையது என்பவற்றை ஊகிக்கலாம். உரிமையாளரின் பெயரோ முகவரியோ அதில் இல்லை. இது தற்செயலாக அமைந்ததன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1893-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரப் போலீஸ் தலைமை ஓர் ஆணை பிறப்பித்தது. மோட்டார் வண்டி ஒவ்வொன்றும் ஓர் உலோகத் தகட்டில் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் பதிவு எண்ணையும் தாங்க வேண்டுமென்று அது கூறிற்று. வண்டிகள் சிலவாயிருந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. வண்டிகள் பெருகியபின் எண் மட்டுமே போதும் என்னும் முறை பரவியது. பிரிட்டனில் 1903-ம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தின்படி 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு காரும் எண் தாங்க வேண்டியதாயிற்று. இந்தியாவில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வண்டிச் சட்டங்கள் இம்முறையை வளர்த்தன.

பெயரை நீக்கி எண்ணை மட்டும் வைத்ததால் இரண்டு காரியங்கள் ஒருங்கே நிறைவேறின. விபத்து செய்துவிட்டு ஓடும் வண்டியை எவரும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வண்டி யாருடையது என்பதை அலுவலகத்தின் மூலமே அறிய முடியும். எண் என்பது ஒரு திரை போன்றது. திரைக்குப் பின்னால் இருப்பது பதிவேடு. பதிவேடு பூட்டியிருக்கும் வரையில் எண் வெளிப்படையாக இருப்பதால் தீங்கில்லை. இன்றைய பிரச்சினை அந்தப் பூட்டைப் பற்றியதே ஆகும்.

பதிவேடு

முன்னாளில் பதிவேடு தடித்த அட்டையிட்ட ஏடாக அலுவலக அலமாரியில் இருந்தது. அதிலுள்ள ஒரு விவரத்தைப் பெற வேண்டுமானால் நேரில் சென்று, காரணம் கூறி, விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பாக இருந்தது. பின்னர் தேசியத் தகவல் மையம் உருவாக்கிய 'வாகன்' என்னும் கணிப்பொறி அமைப்பில் நாட்டின் வண்டிப் பதிவுகள் சேர்க்கப்பட்டன. இதனால் விளைந்த நன்மைகள் பல. திருட்டு வண்டியை வேறு மாநிலத்தில் விற்பது கடினமாயிற்று. பழைய வண்டியை வாங்குபவர் அதன் மேல் கடன் உள்ளதா, இன்ஷூரன்ஸ் நடப்பிலுள்ளதா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

அதே வேளையில் திரை மெலிந்தது. ஒரு காலத்தில் வண்டியின் எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் உரிமையாளரின் பெயர் பதிலாக வந்தது. 2017-ல் வெளியான எம்-பரிவாகன் செயலியும் எண்ணைக் கொண்டு வண்டியின் விவரங்களைக் காட்டிற்று. பின்னர் பெயரின் பல எழுத்துகளை மறைத்துக் காட்டும் ஏற்பாடு செய்யப்பட்டது. எனினும் வண்டியின் இனம், பதிவான நாள், எரிபொருள், இன்ஷூரன்ஸ் முதலியவற்றை எண்ணைக் கொண்டு அறிய முடிகிறது. தனியார் செயலிகள் சிலவும் இத்தகைய விவரங்களைத் தருகின்றன.

2019 மார்ச் மாதத்தில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிப் பதிவு விவரங்களை மொத்தமாக விலைக்குக் கொடுக்கும் கொள்கையொன்றை வெளியிட்டது. வணிக ஸ்தாபனங்களுக்கு ஓராண்டுக்கு 3 கோடி ரூபாயும், கல்வி ஸ்தாபனங்களுக்கு 5 லட்சம் ரூபாயும் கட்டணமாக விதிக்கப்பட்டன. 87 தனியார் ஸ்தாபனங்களுக்கும் 32 அரசாங்க அமைப்புகளுக்கும் இவ்விவரங்களைப் பார்க்க வழி செய்யப்பட்டது என்றும், 65 கோடி ரூபாய் வருவாய் கிடைத்தது என்றும் அவ்வாண்டு ஜூலையில் ராஜ்ய சபையில் தெரிவிக்கப்பட்டது. பெயரில்லாத விவரமாயினும், வேறு பட்டியல்களோடு ஒப்பிட்டால் ஆளை அடையாளம் காண முடியும் என்னும் ஆட்சேபம் எழுந்தது. தனிப்பட்ட விவரங்கள் தவறாகப் பயன்படக்கூடும் என்பதைக் கருதி 2020 ஜூனில் அமைச்சகம் இக்கொள்கையைக் கைவிட்டது.

பதிவேடு திறந்து கிடந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்க அனுபவம் உணர்த்தும். அங்கே பல மாநிலங்களில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் வண்டி உரிமையாளரின் முகவரியைப் பெறக்கூடிய நிலை இருந்தது. 1989-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஓர் இளம் நடிகை தம் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். கொலையாளி ஒரு தனித் துப்பறிவாளரை அமர்த்தி, மோட்டார் வண்டி இலாகாவின் பதிவிலிருந்து அவருடைய முகவரியைப் பெற்றிருந்தான். அயோவா மாநிலத்தில் இளைஞர் கூட்டமொன்று விலையுயர்ந்த கார்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டிலிருந்து முகவரிகளைப் பெற்று, இரவில் அவ்வீடுகளில் திருடிற்று என்பதும் அந்நாட்டுக் காங்கிரசில் எடுத்துரைக்கப்பட்டது. இவற்றின் விளைவாக 1994-ல் வண்டியோட்டிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் எண் தகட்டை மறைக்கச் சொல்லவில்லை; பதிவேட்டைப் பூட்டிற்று.

படம் வேறு, பார்வை வேறு

வீதியில் ஒரு காரின் எண்ணைக் கண்டவர் அடுத்த திருப்பத்துக்குள் அதை மறந்துவிடுவார். மனித மறதி ஓர் இயற்கைப் பாதுகாப்பு. இணையத்தில் ஏறிய படத்துக்கு மறதி இல்லை. அதைப் பத்து ஆண்டுகள் கழித்தும் காணலாம், பிரதி எடுக்கலாம், இயந்திரத்தைக் கொண்டு படிக்கச் செய்யலாம்.

இயந்திரம் எண்ணைப் படிக்கும் கலை புதியதன்று. பிரிட்டனின் போலீஸ் விஞ்ஞான ஆராய்ச்சிப் பிரிவில் 1976-ம் ஆண்டிலேயே இதற்கான கருவி உருவாயிற்று. இன்று பெங்களூரின் சந்திகளில் இதே முறை வேலை செய்கிறது. 2022 டிசம்பரில் 50 சந்திகளில் தொடங்கப்பட்ட அமைப்பில், எண்ணைப் படிக்கும் காமிராக்கள் 250-ம், சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்கும் காமிராக்கள் 80-ம் பொருத்தப்பட்டன. முதலில் இயந்திரம் படத்தில் தகடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பின் அதை நேராக்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தனக்குத் தெரிந்த வடிவங்களோடு ஒப்பிட்டு எண்ணைச் சொல்கிறது. முன்பு போலீசாரிடம் மட்டுமே இருந்த இத்திறமை இப்போது சாதாரணக் கைப்பேசியிலும் உள்ளது.

எவ்வளவு தூரத்துப் படத்தில் எண்ணைப் படிக்க முடியும்? சிறு கணக்கொன்று இதை விளக்கும். விதிகளின்படி காரின் எண் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். காரின் அகலம் சுமார் 1,700 மில்லிமீட்டர். படத்தின் அகலம் 4,000 படப்புள்ளிகள் என்றும், காரின் முன்புறம் அதில் பாதியை, அதாவது 2,000 புள்ளிகளை நிரப்புகிறது என்றும் கொள்வோம். அப்போது எழுத்தின் உயரம் சுமார் 76 புள்ளிகளாகும். கார் இதைவிட நான்கு மடங்கு சிறிதாகத் தோன்றினாலும் எழுத்து 19 புள்ளி உயரம் இருக்கும். சுமார் இருபது புள்ளி இருந்தாலே தெளிவான எழுத்தைப் படித்துவிடலாம். எனவே, தெருவைப் படம் எடுத்தவர் கவனிக்காத, பின்னணியில் நிற்கும் காரின் எண்ணும் அப்படத்தில் பதிந்திருக்கக்கூடும்.

தகடு பளிச்சென்று விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் மேலுள்ள பூச்சில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ நிறைந்துள்ளன. சாதாரணப் பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். இப்பரப்போ, ஒளி வந்த திசையிலேயே அதைத் திருப்பி அனுப்பும். இரவில் முகப்பு விளக்கொளியில் எண் தெரிய வேண்டும் என்பதற்காக அமைந்த இதே குணம், மின்வெளிச்சத்துடன் எடுத்த படத்திலும் தகட்டை மற்றெல்லாவற்றையும்விட ஒளிரச் செய்கிறது.

தனித்த எண்ணால் பெரிய தீங்கு இல்லை என்பது உண்மையே. எண்ணோடு பிற விவரங்கள் சேரும்போதே அபாயம் பிறக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் காரின் படத்தில் கதவின் எண்ணும் எதிர்க்கடையின் பெயர்ப் பலகையும் விழுகின்றன. கைப்பேசி எடுத்த படத்தின் கோப்பில், இட வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். வெளியிட்டவரின் பெயர் படத்தின் மேலேயே உள்ளது. இவற்றுள் ஒன்றும் இரகசியமன்று. ஆனால் நான்கையும் சேர்த்துக் கோத்தால், இன்னார், இன்ன வீட்டில், இன்ன காரை வைத்திருக்கிறார் என்னும் குறிப்பு முழுமையடைகிறது. அதன்பின் அந்த எண் எங்கே காணப்பட்டாலும், காருக்குரியவர் அங்கே வந்திருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

பெங்களூர் வீதிகளும் மங்கலாக்கப்பட்ட எண்களும்

இப்பிரச்சினை மிகப் பெரிய அளவில் எழுந்த இடங்களுள் பெங்களூரும் ஒன்று. 2011 மே மாதத்தில் கூகுள் ஸ்தாபனம் காமிரா பொருத்திய கார்களை இந்நகர வீதிகளில் ஓடவிட்டுத் தொடர்ச்சியாகப் படமெடுக்கத் தொடங்கிற்று. அடுத்த மாதமே நகரப் போலீசார் பாதுகாப்பைக் காரணங்காட்டி அதை நிறுத்தினர். 2021-ல் நில வரைபட விவரங்களுக்கான புதிய வழிமுறைகள் வெளியாயின. பின்னர் 2022 ஜூலையில் இந்திய ஸ்தாபனங்கள் இரண்டு எடுத்த படங்களைக் கொண்டு இச்சேவை மீண்டும் தொடங்கிற்று. அப்போது சேர்க்கப்பட்ட பத்து நகரங்களில் பெங்களூரும் சென்னையும் உண்டு.

இப்படங்களில் மனித முகங்களும் வண்டி எண்களும் மங்கலாக்கப்படுகின்றன. கோடிக்கணக்கான படங்களை மனிதர் ஒவ்வொன்றாகத் திருத்த இயலாது; ஆகவே இதையும் இயந்திரமே செய்கிறது. கூகுளின் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்கள் சோதித்த படங்களில் 89 சதவீதத்துக்கு மேற்பட்ட முகங்களும் 94 முதல் 96 சதவீத எண் தகடுகளும் போதிய அளவு மங்கலாக்கப்பட்டன. முகத்தைவிடத் தகடு எளிதில் அகப்பட்டதில் வியப்பில்லை. தகட்டுக்கு நேரான ஓரமும் திட்டமான அளவும் உண்டு.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க விஞ்ஞான உண்மையொன்று உள்ளது. இயந்திரம் இரண்டு வகையில் தவறலாம்: தகட்டைக் காணாமல் விட்டுவிடலாம், அல்லது தகடல்லாத கடைப் பலகையைத் தகடென்று எண்ணி அழிக்கலாம். முதல் தவறைக் குறைக்க முயன்றால் இரண்டாவது பெருகும். அந்தரங்கத்தைக் காப்பதே நோக்கமாகையால், சில பலகைகள் அழிந்தாலும் பாதகமில்லை என்று கருவியை அமைக்கின்றனர். அப்படியும் நூறில் ஐந்து தகடுகள் தப்பினால், ஒரு கோடியில் ஐந்து லட்சம் தப்பும். ஆகவே, தம் வண்டியையோ வீட்டையோ மங்கலாக்கும்படி எவரும் விண்ணப்பிக்க வழி வைக்கப்பட்டுள்ளது.

தீங்கு எத்தகையது?

அளவுக்கு மீறிய அச்சம் வேண்டியதில்லை. படத்தில் ஓர் எண்ணைக் கண்ட மாத்திரத்தில் எவரும் நேர் வழியில் உரிமையாளரின் முகவரியைப் பெற்றுவிட முடியாது. ஆயினும் மூன்று வகைத் தீங்குகள் மெய்யானவை.

ஒன்று, எண்ணைத் திருடுதல். விளம்பரப் படத்தில் உள்ளதைப் போன்ற இனமும் நிறமும் கொண்ட வேறொரு வண்டியில் அதே எண்ணை எழுதி ஓட்டினால், குற்றத்துக்குரிய அபராதம் உண்மையான உரிமையாளரின் வீடு தேடி வரும். தாம் அவ்விடத்தில் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நடைமுறையில் அவர் தலையில் விழும். இதைத் தடுக்கவே 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயமாக்கப்பட்டது. அலுமினியத்தாலான அத்தகட்டில் அசோகச் சக்கரம் பொறித்த குரோமிய முத்திரையும், லேசர் கதிரால் செதுக்கிய தனி அடையாள எண்ணும், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டும் உள்ளன. அதற்கு முன் பதிவான வண்டிகளுக்கும் இத்தகட்டைப் பொருத்தும்படி கர்நாடக அரசாங்கம் 2023-ல் ஆணையிட்டது.

இரண்டு, ஏமாற்றுச் செய்தி. போக்குவரத்து இலாகாவின் பெயரிலும் கர்நாடகப் போலீசின் பெயரிலும் பொய்யான அபராத அறிவிப்பு அனுப்பி, கேடு செய்யும் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிப் பணம் பறிக்கும் கும்பலைப் பற்றி, பெங்களூரிலுள்ள கிளவுட்செக் ஸ்தாபனம் 2024-ல் அறிவித்தது. இத்தகைய செய்தியில் தம் வண்டியின் சரியான எண்ணைக் காண்பவர் எளிதில் நம்பிவிடுவார்.

மூன்று, பின்தொடர்தல். இதுவே மிகக் கொடியது. பெண்கள், சாட்சி கூறியோர், குடும்பப் பகையால் இடம் மாறி வாழ்வோர் ஆகியோரின் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடலாம். பெரும்பாலோருக்கு இந்த அபாயம் இல்லை. ஆனால் பின்னணியில் தற்செயலாக விழுந்த வண்டி அத்தகையவர் ஒருவருடையதா என்பது படம் எடுத்தவருக்குத் தெரியாது.

மறைக்கும் முறை

எண்ணை மறைப்பதென்றால் சரியாக மறைக்க வேண்டும். அரைகுறையாக மறைப்பது மறைக்காததற்குச் சமம்.

சிலர் கடைசி இலக்கம் ஒன்றை மட்டும் மறைக்கின்றனர். மீதி தெரிவதால், எஞ்சுவது பத்து எண்களே. காரின் இனமும் நிறமும் படத்திலேயே தெரிகின்றன. பத்தையும் ஒவ்வொன்றாகச் செயலியில் சோதித்தால் அதே இனக் கார் ஒன்றோ இரண்டோ தான் அகப்படும். இரண்டு இலக்கங்களை மறைத்தாலும் நூறு எண்களே எஞ்சும். மாறாக, மாநிலமும் அலுவலகமும் மட்டும் தெரிய, இரண்டு எழுத்துகளையும் நான்கு இலக்கங்களையும் முற்றிலும் மறைத்தால், குழப்பம் தரும் இரண்டு எழுத்துகளை நீக்கிய 24 எழுத்துகளைக் கொண்டு கணக்கிட, 24×24×9,999, அதாவது 57,59,424 எண்கள் எஞ்சும்.

வேறு சிலர் எண்ணைச் சதுரக் கட்டங்களாகச் சிதைக்கின்றனர். இதில் ஒவ்வொரு கட்டமும் அவ்விடத்தின் சராசரிக் கருமையைக் காட்டும். கண்ணுக்கு எண் தெரிவதில்லை. ஆனால் செய்தி முற்றும் அழியவில்லை. 1 என்னும் இலக்கத்தின் கட்டங்கள் வெளிறியும், 8 என்னும் இலக்கத்தின் கட்டங்கள் கறுத்தும் இருக்கும். கணிப்பொறி பத்து இலக்கங்களையும் வரைந்து, அதே போன்று சிதைத்து, எது பொருந்துகிறது என்று பார்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் பத்து சோதனை போதுமாகையால், நான்கு இடங்களுக்கும் பத்தாயிரம் வேண்டியதில்லை, நாற்பதே போதும். சிதைத்த முகங்களையும் கையால் எழுதிய இலக்கங்களையும் பயிற்றுவித்த கணிப்பொறி கண்டுகொள்வதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் காட்டினர்.

எனவே, சிறந்த முறை மிக எளியது: தகடு முழுவதையும் ஒரே நிறப் பட்டையால் மூட வேண்டும். ஒரே நிறப் பரப்பில் செய்தி எதுவும் எஞ்சாது. கைப்பேசியின் மை தீட்டும் கருவியில் மெல்லிய, ஒளி ஊடுருவும் தூரிகையை உபயோகிக்கக் கூடாது. மூடிய படத்தைப் புதிய கோப்பாகச் சேமித்து, அதையே வெளியிட வேண்டும். இட விவரத்தை நீக்க வேண்டும். முன் தகட்டை மறைத்தவர், பக்கத்து வண்டியின் பளபளப்பில் தெரியும் பிம்பத்தையும், கண்ணாடியில் ஒட்டிய பதிவு எண் சீட்டையும் மறந்துவிடலாகாது.

மறைக்கக் கூடாத இடங்கள்

படத்தில் மறைப்பது உரிமை. வீதியில் மறைப்பது குற்றம். தகட்டின் மேல் துணி கட்டுவதும், எழுத்தை அழிப்பதும், அலங்கார எழுத்தில் எழுதுவதும் மோட்டார் வண்டி விதிகளுக்கு விரோதமானவை. அடிபட்டு வீதியில் கிடப்பவருக்கு, ஓடிப்போன வண்டியின் எண்ணே நீதிக்கு முதல் வழி.

அவ்வாறே, அதிகாரிகளுக்கு அனுப்பும் படத்தில் எண் தெளிவாக இருக்க வேண்டும். பெங்களூர் போக்குவரத்துப் போலீசார் 2015-ல் 'பப்ளிக் ஐ' என்னும் செயலியைத் தொடங்கி, விதி மீறும் வண்டிகளைப் படமெடுத்து அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். எண் தெரியாத படத்தால் அங்கே பயனில்லை. விபத்து, இன்ஷூரன்ஸ், திருட்டுப் புகார் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் போலீசாருக்கு அனுப்பிய படத்தையே ஊரறிய வெளியிட்டு ஒருவரை இகழ்வது வேறு செயல். போலீசார் விசாரித்து முடிவு செய்வர், கூட்டம் விசாரிப்பதில்லை. எண்ணைத் தவறாகப் படித்திருந்தாலோ, அது திருடப்பட்ட எண்ணாயிருந்தாலோ, குற்றமற்றவர் அவமானம் அடைவார்.

காரை விற்பவரும் முதலில் எண்ணை மறைத்து விளம்பரம் செய்து, மெய்யாக வாங்க வருபவருக்கு அதைத் தெரிவிக்கலாம். அபராத நிலுவையையும் கடனையும் சரிபார்க்க வாங்குபவருக்கு எண் அவசியம். கேட்டபின்னும் எண்ணைக் கூற மறுக்கும் விற்பனையாளரைச் சந்தேகிக்க இடமுண்டு.

சட்டத்தின் நிலை

அந்தரங்கம் என்பது இந்தியப் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக ஹைகோர்ட்டின் முன்னாள் நீதிபதியும் பெங்களூர்வாசியுமான கே.எஸ். புட்டசாமி. ஆதாரை எதிர்த்து 2012-ல் வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2024-ல் அவர் காலமானார்.

இத்தீர்ப்பின் வழியில், தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒருவரை அடையாளம் காண உதவும் எந்த விவரமும் தனிநபர் விவரம் என்கிறது அச்சட்டம். இந்த இலக்கணத்தின்படி, பதிவேட்டோடு இணைத்துப் பார்க்கக்கூடிய வண்டி எண்ணும் அதில் அடங்கக்கூடும். ஆயினும் தம் சொந்த அல்லது வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் கையாளும் விவரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. தம்மைப் பற்றிய விவரத்தைத் தாமே பகிரங்கப்படுத்தியவருக்கும், அவ்விவரத்தைப் பொறுத்த வரையில், இச்சட்டம் துணைக்கு வராது. ஆகவே, தம் காரின் எண்ணைத் தாமே வெளியிட்டவர் பின்னர் சட்டத்தை நாடுவதைவிட, வெளியிடும் முன் ஜாக்கிரதையாயிருப்பதே மேல்.

பள்ளியிலும் பணியிடத்திலும்

கிராமப் பணியாளர் முகாம் நிகழ்ச்சியைப் படமெடுத்து அனுப்பும்போது இலாகா ஜீப்பும் அங்கே வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்களும் படத்தில் விழுவது இயல்பு. இலாகாவுக்கு அனுப்பும் பிரதியில் எண் இருக்கட்டும். பொதுமக்களுக்கு வெளியிடும் பிரதியில் பிறருடைய எண்களை மூடிவிடலாம். பள்ளிகள் இன்னும் அதிகக் கவனம் கொள்ள வேண்டும். பள்ளி வேனின் எண்ணும், அதில் ஏறும் குழந்தைகளின் முகமும், நிற்கும் இடமும் நேரமும் ஒரே படத்தில் அமைவது விரும்பத்தக்கதன்று.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒரு சோதனையாகவே செய்து காட்டலாம். வரைபடத் தாளில் 0 முதல் 9 வரை இலக்கங்களைத் தடித்த எழுத்தில் வரையச் செய்க. ஒவ்வொன்றையும் பெரிய கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தில் கறுப்பு எத்தனை பங்கு என்று எண்ணி, அந்தச் சராசரிக் கருமையை மட்டும் வேறு தாளில் தீட்டச் செய்க. பின்னர் ஒரு மாணவர் தீட்டிய தாளைக் கண்டு மற்றவர்கள் இலக்கத்தைக் கண்டுபிடிக்கட்டும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவர். அடுத்து, முழுவதும் கறுப்பாக மூடிய தாளைக் காட்டுக. எவராலும் கூற இயலாது. சராசரி என்பதன் பொருளையும், செய்தி எங்கே எஞ்சுகிறது, எங்கே அழிகிறது என்பதையும் மாணவர்கள் இதனால் தெளிவாக உணர்வர்.

பாரிஸில் பெயரும் முகவரியும் வண்டியின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. பின்னர் பெயரை அலுவலகத்தில் வைத்து, எண்ணை மட்டும் வீதிக்கு அனுப்பினர். வீட்டு வாசலும், ஊர்ப்பெயரும், உரியவர் பெயரும், எண்ணும் ஒருங்கே தெரியும் படத்தை வெளியிடுபவர், கழற்றிய அந்தப் பழைய தகட்டைத் தம் கையாலேயே மீண்டும் மாட்டுகிறார்.